ஆவாரையை விதைத்து வளர்ப்பது எப்படி

கல்லும் சரளையுமாகக் கிடக்கும் பொட்டலில், யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமல் மஞ்சள் மஞ்சளாகப் பூத்து நிற்கும் ஆவாரை, ஆசையாகத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து வைத்தால் மட்டும் பத்தே நாளில் கருகிவிடும். எனக்கு இரண்டு முறை அப்படி ஆனது. முதல் செடியைக் கடப்பாரை போட்டுத் தோண்டினேன். முழங்கால் உயரம்கூட இல்லாத செடிக்கு ஆணிவேர் அதைவிட நீளமாக உள்ளே இறங்கியிருந்தது, பாதியிலேயே அறுந்துவிட்டது. இரண்டாவதுக்குத் தினமும் தண்ணீர், போதாக்குறைக்குத் தொழுவுரம். அதுவும் போச்சு. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தோண்டி நடாதீர்கள், விதை போடுங்கள், அதுவும் செடி கடைசிவரை நிற்கப்போகிற அதே இடத்தில்.

விதைக்கு நன்றாகக் காய்ந்து பழுப்பான நெற்றுகளாகப் பார்த்துப் பறியுங்கள். நெற்று தட்டையாக, காகிதம் போல இருக்கும், விதை இருக்கும் இடம் மட்டும் வரிசையாகப் புடைத்துத் தெரியும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள், குண்டூசி குத்தியது போல ஓட்டை இருந்தால் வண்டு விழுந்துவிட்டது என்று அர்த்தம், அதை விட்டுவிடலாம். ஒரே செடியை மொட்டையடிக்காமல் நாலைந்து செடிகளில் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது நல்லது.

விதையை அப்படியே மண்ணில் போட்டால் சிலது முளைக்கும், பலது மாதக்கணக்கில் கல்லு மாதிரி கிடக்கும். தோல் அவ்வளவு கெட்டி, தண்ணீர் உள்ளே போகாது. இரண்டு வழி உண்டு. கொஞ்சம் விதைதான் என்றால் உப்புத்தாளில் ஒரு பக்கமாக நாலு தேய்ப்பு, நிறம் மாறி உள்பகுதி லேசாகத் தெரிந்ததும் நிறுத்திவிட்டு ஒரு ராத்திரி ஊறவையுங்கள். நிறைய இருந்தால் தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, சில நிமிடம் ஆறவிட்டு அதில் விதையைக் கொட்டி மறுநாள் காலை வரை விட்டுவிடுங்கள். அடுப்பில் வைத்தபடியே போட்டுவிடாதீர்கள், அவிந்துபோகும். காலையில் ஊதிப் பெருத்தவற்றை அன்றைக்கே விதைத்துவிட வேண்டும். ஊதாமல் கிடப்பவற்றுக்கு இன்னொரு சுற்று உப்புத்தாள்.

இடம் என்று பார்த்தால் நாள் முழுக்க வெயில் அடிக்க வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது, இந்த இரண்டும் போதும். செம்மண், சரளை, கரிசல் எதிலும் வரும். கரிசலில் மட்டும் மழைத்தண்ணீர் நிற்கும் என்பதால் ஒரு சாண் உயரத்துக்கு மேடு கூட்டி அதன்மேல் விதையுங்கள். மழைக்காலத் தொடக்கம்தான் சரியான நேரம். குழிக்கு மூன்று விதை, விரல் நகம் அளவு ஆழம், குழிக்குக் குழி ஐந்தடி இடைவெளி. ஒன்றிரண்டு வாரத்தில் முளை தெரியும். மூன்றும் முளைத்தால் வலுவான ஒன்றை விட்டுவிட்டு மற்றவற்றைப் பிடுங்காமல் கத்தரித்து விடுங்கள், பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அசையும்.

முதல் வருடம் மட்டும் கொஞ்சம் கவனிப்பு வேண்டும். சுற்றி ஓரடிக்குப் புல்லை எடுத்துவிடுங்கள், முதல் கோடையில் வாரம் ஒரு தடவை ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். அப்புறம் குழாயை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். உரம் வேண்டவே வேண்டாம், போட்டால் கிளை நெடுநெடுவென்று வளரும், பூ குறையும். பயறு வகைச் சொந்தம்தானே, மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும் என்று நினைத்து நடுகிறவர்கள் உண்டு. ஆனால் ஆவாரை சேர்ந்த சென்னா இனத்துச் செடிகளில், காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும் வேர்முடிச்சு பெரும்பாலும் கிடையாது. அந்த வேலைக்கு இடையிடையே கொழுஞ்சியைத் தூவி விடுங்கள், இரண்டும் ஒரே மாதிரி நிலத்தில் வளருபவை.

இரண்டாவது வருடத்தில் பூ வந்ததும் ஒரு காலை அதன் பக்கத்தில் நின்று பாருங்கள். பூவில் தேன் இல்லை, மகரந்தம் மட்டும்தான், அதுவும் நுனியில் சின்னத் துளையுள்ள பைக்குள் அடைபட்டிருக்கும். கன்னங்கரேல் என்று வண்டு போல இருக்கும் தச்சுத்தேனீ வந்து பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவிடும், ‘ர்ர்ர்’ என்று ஒரு சத்தம், மஞ்சள் தூள் அதன் வயிற்றில் கொட்டும். இந்தத் தேனீக்கள் காய்ந்த மரத்தைக் குடைந்துதான் கூடு கட்டும், ஆகவே பட்டுப்போன கிளை ஒன்றிரண்டைத் தோட்டத்தில் விட்டுவையுங்கள். இலையில் பச்சைப் புழு தெரிந்தால் மருந்தைத் தூக்காதீர்கள், அது வெளிர்மஞ்சள் பட்டாம்பூச்சியின் பிள்ளை. செடி ஒரு மாதத்தில் மறுபடி தழைத்துவிடும்.

விதையோ கன்றோ வாங்குவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. மஞ்சள் பூ என்ற ஒரே ஒற்றுமையை வைத்துக்கொண்டு வேறு எதையாவது தலையில் கட்டிவிடுவார்கள். அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த மஞ்சக்கொன்னை முதுமலைக் காடுகளில் பரவி, அதை அப்புறப்படுத்துவதே பெரிய வேலையாகிவிட்டது. அதுவும் இதே சென்னா இனம்தான், ஆனால் மரமாக வளர்வது. ஆவாரை புதர்தான். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் காது மடல் மாதிரி அகலமான செதில் இருக்கிறதா என்று பாருங்கள், அடையாளத்துக்கு அது போதும்.

பூப்பு ஓய்ந்ததும் நீண்ட கிளைகளை மூன்றில் ஒரு பங்கு கவாத்து செய்யலாம். கிழடு தட்டிய புதரை அடியோடு வெட்டினாலும் துளிர்க்கும். எல்லா நெற்றையும் மட்டும் வெட்டிவிடாதீர்கள். செடியடியில் விழும் சருகைக் கூட்டாமல் விட்டால் அடுத்த மழைக்கு அங்கங்கே தானாக முளைக்கும், நீங்கள் இடம் பார்த்து வைத்ததைவிட அவை நன்றாகவே வரும்.