எமரி தாளை எடுக்கும் முன் உப்பைக் கழுவுங்கள்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் பழைய அம்பாசடர் காரையோ பத்மினி காரையோ பெயின்ட் அடித்துப் புதுப்பிக்கிறீர்களா? எமரி தாளைக் கையில் எடுக்கும் முன்பே ஷாம்பூ கலந்த நல்ல தண்ணீரால் வண்டி முழுவதையும் கழுவிக் காயவிடுங்கள். தின்னர் துணியால் துடைப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

கடற்காற்றில் வந்து படியும் உப்பு தண்ணீரில்தான் கரையும். தின்னர் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்குமே தவிர உப்பைத் தொடாது. கழுவாமல் தேய்த்தால் அந்த உப்பு கீறல்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு பெயின்ட் வழியாகவே ஈரத்தை உள்ளே இழுத்து, கடுகு கடுகாகக் கொப்புளம் கிளப்பும். எத்தனை கோட் அடித்திருந்தாலும் அந்த இடத்தைச் சுரண்டித்தான் ஆக வேண்டும், அத்தனை உழைப்பும் வீண். சக்கர வளைவின் உள்மடிப்பையும், கதவுக்கு மேலே மழைநீர் ஓடும் காடியையும் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். உப்பு அதிகம் தங்குவது அங்கேதான்.

போர் தண்ணீர் வாயில் வைத்தால் கரிக்கிறதா? அப்படியானால் கடைசி அலசலுக்கு மட்டுமாவது பிடித்துவைத்த மழைநீரையோ ஆர்.ஓ. தண்ணீரையோ பயன்படுத்துங்கள்.

பள்ளங்களை நிரப்பப் பூசிய பழைய பட்டி வெளியே தெரிகிற வண்டியை நேரடியாக இப்படிக் கழுவ வேண்டாம். பட்டி தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும்; முதலில் அதைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். வெறும் தகரம் தெரிகிற இடம் நனைந்தால் உடனே துடைத்து, நன்றாகக் காய்ந்ததும் லேசாகத் தேய்த்து, அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் ஒரே ராத்திரியில் துரு பூத்துவிடும்.