கன்ட்ரோலர் விழுந்தால் கிளை ரவுட்டரில் கை வைக்காதீர்கள்

கோவையில் சிஸ்கோ எஸ்டி-வான் கன்ட்ரோலர்கள், அதாவது கிளை அலுவலக ரவுட்டர்களை மையத்திலிருந்து நிர்வகிக்கும் சர்வர்கள். கேரள எல்லையில் உள்ள வாளையாருக்கும் கோபாலபுரத்துக்கும் இருபுறமும் கிளைகள். இணைப்பு அறுந்ததாக அலாரம் வந்தால், எந்தப் பக்கக் கிளைகள் என்று முதலில் பாருங்கள். பாலக்காட்டுப் பக்கம் மட்டும் என்றால் வழியில் ஃபைபர் அறுந்திருக்கவே வாய்ப்பு அதிகம். இருபுறமும் போனால்தான் கன்ட்ரோலரைச் சந்தேகிக்க வேண்டும்.

கன்ட்ரோலர் போனாலும் கிளைகளுக்கிடையே டேட்டா ஓடும். கடைசியாகக் கற்ற ரூட்டுகளை (எந்தக் கிளைக்கு எவ்வழி என்ற தகவலை) ரவுட்டர் 43,200 விநாடி, அதாவது 12 மணி நேரம் வைத்திருக்கும். அதற்குள் ரவுட்டரை ரீபூட் செய்தால் அந்த ரூட்டுகள் அழிந்து, ஓடிக்கொண்டிருந்த கிளையும் நின்றுவிடும். 2023 மே 9 அன்று சிஸ்கோவின் சில வீஎட்ஜ் ரவுட்டர்களில், கன்ட்ரோலரிடம் தம்மை நிரூபிக்கும் சான்றிதழ் காலாவதியானபோதும் ரீபூட் வேண்டாம் என்பதே முக்கிய எச்சரிக்கை. கிளையிலிருந்து "ஆஃப் பண்ணி ஆன் பண்ணவா சார்?" என்று கேட்பார்கள். வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

அடுத்து, ரவுட்டரில் 'ஷோ எஸ்டிவான் கன்ட்ரோல் கனெக்‌ஷன்-ஹிஸ்டரி' கொடுங்கள். அதில் பிழைக் குறி டிகான்ஃபெயில் (DCONFAIL) என்றால் ரவுட்டர் கன்ட்ரோலரைப் போய்ச் சேரவில்லை. ஃபயர்வாலில் யுடிபி 12346 திறந்திருக்கிறதா பாருங்கள். சிஆர்டிவெர்ஃப்எல் (CRTVERFL) என்றால் சான்றிதழில் கோளாறு. அப்போது காலாவதித் தேதியோடு கடிகாரத்தையும் பாருங்கள். பழைய ஸ்னாப்ஷாட்டிலிருந்து எழுப்பிய விஎம்மில் (மெய்நிகர் கணினியில்) நேரம் பின்தங்கியிருந்தாலும் சரிபார்ப்பு தோற்கும்.

கன்ட்ரோலர்கள் மூன்று வகை. மீட்கும்போது வீபாண்ட் முதலில்: மற்ற இரண்டின் முகவரியையும் ரவுட்டருக்குத் தருவது அதுதான். பிறகு அமைப்புகளை நிர்வகிக்கும் வீமேனேஜ், கடைசியில் ரூட்டுகளைப் பரப்பும் வீஸ்மார்ட். வீஸ்மார்ட் அழிந்தே போனாலும் கவலை குறைவு. புதிதாக ஏற்றிச் சான்றிதழ் போட்டால் ரூட்டுகளைக் கிளைகளே மறுபடி அறிவிக்கும், பாலிசி வீமேனேஜிலிருந்து வரும். வீமேனேஜ் அப்படியல்ல. கான்ஃபிகரேஷன் டேட்டாபேஸ் பேக்கப் இல்லையென்றால் டெம்ப்ளேட், பாலிசி எல்லாம் கையால் மறுபடி எழுத வேண்டியதுதான். பேக்கப்பை அதே மென்பொருள் பதிப்பில் ஏற்றுங்கள். அந்தக் கோப்பு வேறொரு சர்வரிலும் இருக்கட்டும்.

12 மணி நேரம் போதாதென்றால் ரூட்டுகளை வைத்திருக்கும் நேரத்தைக் குறிக்கும் கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட் டைமரை 7 நாள் வரை, 6,04,800 விநாடிக்கு உயர்த்தலாம். கிளைகளுக்கிடையேயான டனலைப் பூட்டும் ஐபிசெக் சாவி மாறும் நேரம் அதைப்போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும், அதாவது 12,09,600. அதன் உச்ச வரம்பும் அதுவே. இயல்பான 24 மணி நேரத்திலேயே விட்டால் ரூட் இருந்தும் டனல் விழும், ஏனெனில் புதுச் சாவியைப் பரப்பக் கன்ட்ரோலர் இருக்காது. டைமரை மாற்றினால் ஓஎம்பி செஷன் (ரவுட்டரும் வீஸ்மார்ட்டும் ரூட்டுகளைப் பரிமாறும் இணைப்பு) ஒருமுறை அறுந்து எழும். ஆகவே எல்லாம் நன்றாக ஓடும் நாளில், இரவு நேரத்தில் மாற்றிவையுங்கள்.