நாலரை மணிப் பூனையிடமிருந்து தூக்கத்தை மீட்பது எப்படி?

எங்கள் வீட்டு மணியன் தினமும் நாலரைக்கு என் மூக்கின் மேல் ஒரு காலை வைப்பான். நகம் உள்ளேதான் இருக்கும். அது முதல் எச்சரிக்கை. அடுத்து, மேசைமேல் இருக்கும் மூக்குக்கண்ணாடியை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குத் தள்ளுவான்.

அந்த நேரத்தில் எழுந்து சாப்பாடு மட்டும் வைத்துவிடாதீர்கள். ஒருநாள் பாவம் பார்த்து நெத்திலி வைத்தேன். மறுநாள் நாலேகாலுக்கே வந்துவிட்டான். விடியலிலும் அந்தியிலும் சுறுசுறுப்பாவது பூனையின் இயல்பு. திட்டி மாற்ற முடியாது.

படுக்கும் முன் பத்து நிமிடம், கயிற்று நுனியில் காகிதம் கட்டி ஓடவிடுங்கள். கடைசியில் அதைப் பிடிக்க விடவேண்டும். இல்லாவிட்டால் கோபம் உங்கள் கணுக்காலில் தீரும். கயிற்றை உடனே பீரோவில் வைத்துவிடுங்கள், விழுங்கினால் குடலில் சிக்கும். அப்புறம்தான் இரவுச் சாப்பாடு: உப்பில்லாமல் வேகவைத்து முள் எடுத்த மீன். பால் வேண்டாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது செரிக்காது, காலையில் தரையைத் துடைக்கப்போவது நீங்கள்தான்.

முதல் வாரம் கத்துவான். கண்ணைத் திறக்காதீர்கள், இமை அசைந்தால் போச்சு. எட்டாம் நாள் மணியன் ஆறு மணிக்கு வந்தான். மூக்குக்கண்ணாடியைத்தான் செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டிக்குள் ஒளித்து வைத்தேன். இப்போது அதற்குள் அவன் படுத்திருக்கிறான்.