குற்றாலத்தில் போன் நனைந்தால்

போன வாரம் ஐந்தருவியில் குளித்துவிட்டுத் திரும்பும்போது மதினியின் போன் நன்றாக நனைந்துவிட்டது. வேனில் ஏறியதும் சார்ஜரைக் குத்தினார். திரையில் ஈர எச்சரிக்கை வந்து, போனே சார்ஜ் ஏறவிடாமல் தடுத்துவிட்டது. நல்லவேளை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அரிசிப் பானையைத் திறந்தார். வேண்டாம் என்றேன். அரிசியின் மாவும் குருணையும் சார்ஜ் துளைக்குள் போய் அடைத்துக்கொள்ளும். ஆப்பிள் நிறுவனமே அரிசியில் வைக்காதீர்கள் என்கிறது. ஹேர் டிரையர், பஞ்சுக்குச்சி இரண்டும் கூடாது.

துளை கீழே பார்த்தபடி போனைப் பிடித்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டுங்கள். மதினியின் போனிலிருந்து மூன்று சொட்டுத் தண்ணீர் என் கையிலேயே விழுந்தது. அப்புறம் கவரைக் கழற்றி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். அரை மணி நேரமாவது கழித்து சார்ஜ் போட்டுப் பாருங்கள். எச்சரிக்கை மறுபடி வந்தால் ஒரு நாள் வரை காயவிடுங்கள். அவசரமென்றால், வயர்லெஸ் சார்ஜ் வசதி உள்ள போனைப் பின்பக்கம் துடைத்துவிட்டு வயர்லெஸ் சார்ஜரில் வைக்கலாம்.

தண்ணீர் தாங்கும் என்பதைக் குறிக்கும் ஐபி68 என்று பெட்டியில் போட்டிருந்தாலும் அருவிக்கு அடியில் கொண்டு போகாதீர்கள். அது அசையாத நீரில் முக்கிச் செய்த சோதனை. மேலிருந்து அடித்து விழும் தண்ணீருக்கானது அல்ல.