வாழைப்பழ மணம் கொண்ட எஸ்டர்: சூடாக்குவது சுலபம், கழுவுவதுதான் வேலை

ஐசோஅமைல் அசிட்டேட் ஓர் எஸ்டர், அதாவது ஆல்கஹாலும் அமிலமும் வினைபுரிந்து உருவாகும் பொருள். அதன் புட்டியைத் திறந்தால் பழுத்த வாழைப்பழம் மணக்கும். நிறமற்ற திரவம், 142 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், நீரில் மிகக் கொஞ்சமே கரையும். முகக்கவசம் இடைவெளியின்றிப் பொருந்துகிறதா என்று சோதிக்க இதன் வாசனை பயன்படுகிறது. தேனீ ஆய்வாளர்களுக்கும் இது வேண்டியது: தேனீ கொட்டும்போது கூட்டத்துக்கு அபாய அறிவிப்பாக வெளிவிடும் கலவையில் இதுவே முக்கியப் பொருள். கைகழுவாமல் தேன்கூட்டுப் பக்கம் போகாதீர்கள்!

இதை ஆய்வகத்தில் தயாரிக்கும் முறையைப் பார்ப்போம். எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால் சுடர் கூடாது. ஃபியூம் ஹூட் (ஆவியை வெளியே இழுக்கும் கூண்டு), மின்சார ஹீட்டிங் மேன்டில் (குடுவையைச் சூடாக்கும் உறை), பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, கூடவே அனுபவமுள்ள ஒருவர். இவை இருந்தால்தான் தொடங்க வேண்டும்.

படி 1: குடுவையில் 15 மி.லி. ஐசோஅமைல் ஆல்கஹால், 20 மி.லி. நீரற்ற அசிட்டிக் அமிலம் ஊற்றுங்கள். சுழற்றிக்கொண்டே 4 மி.லி. அடர் கந்தக அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேருங்கள், சூடேறும். அசிட்டிக் அமிலம் ஏன் இவ்வளவு? இது மீள்வினை: உண்டான எஸ்டரும் நீரும் திரும்ப ஆல்கஹாலாகவும் அமிலமாகவும் மாறும். ஆல்கஹாலையும் அசிட்டிக் அமிலத்தையும் சம மோல் (மூலக்கூறு எண்ணிக்கையை அளக்கும் அலகு) எடுத்தால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கோடு நின்றுவிடும். இங்கே அசிட்டிக் அமிலம் மோல் கணக்கில் இரண்டரை மடங்கு இருப்பதால் வினை எஸ்டர் பக்கம் சாய்கிறது.

படி 2: கொதிகற்கள் (சீராகக் கொதிக்க உதவும் சிறு கற்கள்) சில போட்டு, குளிர்விப்பானைச் செங்குத்தாகப் பொருத்தி, ஒரு மணி நேரம் கொதிக்கவிடுங்கள்.

படி 3: நன்றாக ஆறட்டும். பிரிபுனலில் (அடியில் குழாய் உள்ள, அடுக்குகளைப் பிரிக்கும் புனல்) 50 மி.லி. குளிர்ந்த நீர் சேர்த்துக் குலுக்கினால் எஸ்டர் மேலே நிற்கும். கீழ் அடுக்கை இறக்குங்கள். வேலை முடியும்வரை எந்த அடுக்கையும் வெளியே கொட்டிவிடாதீர்கள், மாற்றிக் கொட்டியவர்கள் நிறையப் பேர். அப்புறம் மிச்ச அமிலத்தை நீக்க 5% சோடியம் பைகார்பனேட் கரைசல். கரியமில வாயு பொங்கும். உடனே மூடினால் அழுத்தம் மூடியைத் தூக்கி எறியும். நுரை அடங்கும்வரை திறந்தபடி சுழற்றி, பிறகு மூடி, இரண்டு குலுக்கலுக்கு ஒருமுறை குழாயைத் திறந்து வாயுவை விடுங்கள். இறக்கிய நீர் நீல லிட்மஸ் தாளைச் சிவப்பாக்குவது நிற்கும்வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். கடைசியாக ஒருமுறை உப்புக் கரைசல்.

படி 4: ஈரத்தை உறிஞ்ச நீரற்ற மக்னீசியம் சல்பேட் போட்டு வடிகட்டி, வாலைவடித்து, 136 முதல் 143 டிகிரிக்குள் வருவதைச் சேகரியுங்கள். ஈரம் மிச்சமிருந்தால் 100 டிகிரிக்கு முன்பே நீரும் எஸ்டரும் சேர்ந்து வந்துவிடும்.

முழுதும் மாறினால் 18 கிராம் கிடைக்கும். முதல் தடவை பாதி தாண்டினாலே சரி. கையால் விசிறி முகர்ந்து பாருங்கள். வாழைப்பழத்துக்கு நடுவே வினிகர் நெடி எட்டிப்பார்த்தால், பைகார்பனேட் கட்டத்தில் அவசரப்பட்டிருக்கிறீர்கள்.