துண்டான காட்டில் குரங்குகளின் எதிர்ப்பு மரபணுக்களை அளப்பது எப்படி?

1986-இல் சிங்கப்பூரில் பிகேஇ விரைவுச்சாலை வந்து, ஒன்றாக இருந்த புக்கிட் தீமா காட்டையும் மத்திய நீர்ப்பிடிப்பு வனத்தையும் தனித்தனியாக வெட்டியது. மறு ஆண்டு, புக்கிட் தீமாவில் மிஞ்சியிருந்த கடைசி ராஃபிள்ஸ் பட்டை லங்கூரை நாய்கள் கடித்துக் கொன்றன. லங்கூர் வகைக் குரங்கைப் பழந்தமிழில் முசு என்பார்கள், இங்கும் அதை அப்படியே சொல்வோம். இன்று சிங்கப்பூரில் அதன் எண்ணிக்கை நூறைக்கூடத் தொடவில்லை. நீள்வால் குரங்கு சாலையின் இரு பக்கமும் இன்னும் இருக்கிறது. 2013-இல் சாலைக்கு மேல் 62 மீட்டர் நீளத்தில் விலங்குப் பாலம் கட்டினார்கள்.

இப்படிப் பிரிந்த கூட்டங்கள் நோயைத் தாங்கும் வலிமையை இழக்கின்றனவா என்று கேட்பவர்கள் எம்எச்சி மரபணுக்களைப் பார்க்க வேண்டும். கிருமியின் துணுக்கை எடுத்து எதிர்ப்பு அணுக்களிடம் காட்டும் புரதங்களை உருவாக்குபவை இவைதான். இவற்றில் வகைகள் குறைந்தால், ஒரே கிருமி கூட்டம் முழுவதையும் சாய்க்கும் ஆபத்து கூடும். விலங்கைப் பிடிக்காமலே, ஊசி போடாமலே, மலத்திலிருந்து இதை அளக்க முடியும். ஆனால் பிழைகள் வழி நெடுகக் காத்திருக்கும்.

முதலில் கணக்கு

மாதிரி எடுக்கப் போகுமுன் எவ்வளவு வித்தியாசத்தை எதிர்பார்க்கலாம் என்று கணக்கிடுங்கள். இனப்பெருக்கம் செய்யும் விலங்குகள் 20 மட்டுமே உள்ள கூட்டத்தில் ஒரு தலைமுறைக்கு ஹெட்டிரோசைகஸ் நிலை (தாயிடமும் தந்தையிடமும் வெவ்வேறு வகை பெற்றிருப்பது) 1/40, அதாவது 2.5 விழுக்காடு குறையும். நான்கு தலைமுறைக்குப் பிறகும் இழப்பு 10 விழுக்காட்டை ஒட்டித்தான் வரும். அரிய அல்லீல்களின், அதாவது ஒரு மரபணுவின் அரிய வகைகளின், கதை வேறு. மூலக் கூட்டத்தில் 5 விழுக்காடு இருந்த அல்லீல், 20 விலங்குகள் பிரிந்து வரும்போதே காணாமல்போக 13 விழுக்காடு வாய்ப்பு உண்டு. 2 விழுக்காடே இருந்திருந்தால் அந்த வாய்ப்பு 45. ஆகவே சில தலைமுறைகளே கடந்த சிங்கப்பூர்க் காட்டில், ஹெட்டிரோசைகஸ் அளவை மட்டும் பார்த்துவிட்டு 'பாதிப்பில்லை' என்று எழுதுவது தவறு. அல்லீல்களின் எண்ணிக்கையையும் அளந்தே ஆகவேண்டும்.

காட்டில்

தேசியப் பூங்காக் கழகத்தின் ஆய்வு அனுமதி இல்லாமல் வனத்துக்குள் எதையும் எடுக்கக்கூடாது. தீனி போட்டு வரவழைப்பதும் கூடாது. முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். மலேசியாவின் ஜொகூர் மாதிரியோடு ஒப்பிட விரும்பினால், மலக் குப்பியை எல்லை தாண்டிக் கொண்டுவர எந்த அனுமதித் தாள்கள் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். அதற்கு மாதக்கணக்கில் நேரம் ஒதுக்குங்கள்.

விடியற்காலையில், கூட்டம் தூங்கிய மரத்தடியில் தேடுவது நல்லது. விழுந்து ஒரு மணி நேரத்துக்குள் எடுங்கள். மழை குடலணுக்களைக் கழுவிவிடும், சாண வண்டுகளும் காத்திருக்காது. நமக்கு வேண்டிய குரங்கணுக்கள் மேற்பரப்பில்தான் ஒட்டியிருக்கும். பளபளவென்று சளிபோல் மின்னும் வெளித்தோலைக் குச்சியால் வழித்தெடுங்கள், நடுப்பகுதியை விட்டுவிடுங்கள். முசுவின் மலம் உயரத்திலிருந்து சிதறி இலைகளில் ஒட்டிக்கொள்ளும், எனவே தரையில் மட்டும் தேடாதீர்கள். கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். நீள்வால் குரங்கு பி வைரசைச் சுமக்கக்கூடியது. அது குரங்குக்குப் பெரிதாகத் தீங்கு செய்யாது, மனிதருக்கு உயிராபத்து.

சுமார் 5 கிராமை 30 மில்லி அடர் எத்தனாலில் ஒரு நாள் ஊறவைத்து, பிறகு சிலிக்கா மணிகளுக்கு மாற்றுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் மூடி சற்றே தளர்ந்தாலும் மணிகளின் நிறம் மாறிவிடும். மாறிய அன்றே புது மணி போடுங்கள். ஈரம் நின்ற குப்பியில் டிஎன்ஏ நாளுக்கு நாள் துண்டாகும்.

யாரிடமிருந்து எடுப்பது என்பதும் முக்கியம். நீள்வால் குரங்கில் மந்திகள் பிறந்த கூட்டத்திலேயே தங்கும், கடுவன்கள் வளர்ந்ததும் வெளியேறும். நீர்ப்பிடிப்பு வனத்தின் மெக்ரிட்சியில் ஒரே கூட்டத்தில் 25 மாதிரி எடுத்தால், அது 25 விலங்குகளின் கணக்கல்ல. அக்கா தங்கைகளும் அவர்கள் குட்டிகளுமாக இரண்டு மூன்று குடும்பங்களின் கணக்கு. சாலைக்கு இப்பக்கமும் அப்பக்கமும் அப்படி எடுத்தால் பெரிய வேறுபாடு தெரியும். ஆனால் அது சாலையால் வந்ததாக இருக்காது. பக்கத்துக்கு ஐந்தாறு கூட்டங்களாவது, ஒவ்வொன்றிலும் நான்கைந்து விலங்குகள் என்று பரப்பி எடுங்கள்.

ஆய்வகத்தில்

மலத்துக்கென்றே விற்கும் கிட்டில் 200 மில்லிகிராம் போட்டுப் பிரித்தெடுங்கள். ஒவ்வொரு தொகுப்பிலும் மலமே போடாத ஒரு வெற்றுக்குழாயும் எல்லாப் படிகளையும் கடந்து வரட்டும். ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் காட்டும் டிஎன்ஏ அளவை நம்பாதீர்கள். அதில் பெரும்பங்கு குடல் பாக்டீரியாவுடையது. குரங்கு டிஎன்ஏவை மட்டும் பெருக்கி எண்ணும் நிகழ்நேர பிசிஆர் செய்யுங்கள். ஒரு வினைக்கு 200 பிகோகிராமுக்கு மேல் இருந்தால் மைக்ரோசாட்டிலைட்டுகளை (விலங்குக்கு விலங்கு நீளம் மாறும், திரும்பத் திரும்ப வரும் டிஎன்ஏ துண்டுகளை) இரண்டு தடவை ஓட்டினால் போதும். குறைவாக இருந்தால் இரண்டு அல்லீலில் ஒன்று பெருகாமல் விடுபட்டு, ஹெட்டிரோசைகஸ் விலங்கு ஹோமோசைகஸ் (இரண்டும் ஒரே வகை) போலத் தோன்றும். அதனால் ஹோமோசைகஸ் என்று எழுதுமுன் ஏழு தடவை ஓட்டுங்கள். எட்டுப் பத்து மைக்ரோசாட்டிலைட்டுகள் இரண்டு வேலை செய்யும்: ஒரே விலங்கை இருமுறை எண்ணாமல் காக்கும், பின்னால் ஒப்பீட்டுக்கும் உதவும். இனத்தை உறுதிசெய்ய சைட்டோகுரோம் பி மரபணுத் துண்டு ஒன்றையும் படியுங்கள். நீர்ப்பிடிப்பு வனத்தில் ஒரே மரத்தை இரண்டு இனமும் பயன்படுத்தும்.

எந்த எம்எச்சி மரபணு? பலரும் டிஆர்பி என்ற எம்எச்சி மரபணுவின் இரண்டாம் எக்சானுக்கு (புரதத்தை எழுதும் துண்டுக்கு) போகிறார்கள், சுமார் 270 எழுத்துகள். கிருமித் துணுக்கு பிடிபடும் பள்ளத்தின் ஒரு சுவரை அதுதான் எழுதுகிறது, வகைகளும் ஏராளம். ஆனால் குரங்குகளில் ஒரு குரோமோசோமில் எத்தனை டிஆர்பி பிரதிகள் உள்ளன என்பது விலங்குக்கு விலங்கு மாறும். ஒரு விலங்கில் ஆறு வகை வந்தால் எது எந்த இடத்தது என்று பிரிக்க முடியாது. அப்போது ஹெட்டிரோசைகஸ் கணக்கும் எஃப்எஸ்டியும் (கூட்டங்களுக்கிடையே உள்ள வேறுபாட்டின் அளவு) அர்த்தமற்றவை. 'விலங்குக்கு இத்தனை வகை', 'உண்டு, இல்லை' என்று மட்டும் எழுத வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு எங்கள் பரிந்துரை டிக்யூபி1 அல்லது டிபிபி1 என்ற எம்எச்சி மரபணு. ஒற்றைப் பிரதி என்பதால் கணக்கு நேராக வரும். டிஆர்பியை அடுத்த கட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

பிசிஆருக்கு வேண்டியவை: பிழைகுறைந்த பாலிமரேசு (டிஎன்ஏவை நகலெடுக்கும் நொதி), மில்லிலிட்டருக்கு 0.4 மில்லிகிராம் பிஎஸ்ஏ புரதம் (இலைதின்னி மலத்தின் தடுப்புப்பொருள்களை இது சமாளிக்கும்), 30 சுற்றுகளுக்குள், நீட்டிப்பு ஒரு நிமிடத்துக்குக் குறையாமல். சுற்றுகளைக் கூட்டினால் பாதி எழுதிய இழை அடுத்த சுற்றில் வேறு அல்லீலில் ஒட்டிக்கொண்டு, இல்லாத ஒரு 'புதிய அல்லீல்' பிறக்கும். முன்பாதி ஒன்றையும் பின்பாதி இன்னொன்றையும் ஒத்த வரிசை வந்தால் முதல் சந்தேகம் இதுவாகத்தான் இருக்கவேண்டும். எனவே ஒவ்வொரு விலங்குக்கும் தனித்தனியாக இரண்டு பிசிஆர், தனித்தனி குறியீட்டு வால் (எந்த மாதிரி என்று காட்டும் சிறு வரிசை), இரண்டையும் டிஎன்ஏ வரிசையைப் படிக்கும் இலுமினா இயந்திரத்தில் படித்தல். இரண்டிலும் வந்ததை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

மிக மோசமான பிழை உங்கள் விரலிலிருந்தே வரும். குரங்கின் டிஆர்பிக்கு வைத்த பிரைமர் (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சிறு இழை) மனித டிஎன்ஏவையும் பெருக்கும். மற்ற மரபணுவாக இருந்தால் வரிசையைப் பார்த்ததுமே மனிதனுடையது என்று ஒதுக்கிவிடலாம். எம்எச்சியில் அது நடக்காது. இனங்கள் பிரிவதற்கு முன்பே தோன்றிய அல்லீல் வம்சங்கள் இரு பக்கமும் தொடர்வதால், ஒரு குரங்கு அல்லீல் இன்னொரு குரங்கு அல்லீலைவிட மனித அல்லீலுக்கு நெருக்கமாக இருப்பது இயல்பு. எனவே மனிதனைப் போல இருக்கிறது என்பதற்காகவே தூக்கி எறியாதீர்கள். மனித எம்எச்சியான எச்எல்ஏவின் தரவுத்தளத்தில் எழுத்துக்கு எழுத்து பொருந்தினால் மட்டும் விலக்குங்கள். ஆய்வகத்தில் கைவைக்கும் எல்லோருடைய வகைகளையும், அவர்கள் சம்மதத்தோடு, முன்கூட்டியே படித்து வையுங்கள். வெற்றுக்குழாயில் ஏதேனும் வந்தால் யாருடையது என்று அன்றே தெரியும்.

கணக்கைப் படிப்பது

அல்லீல் எண்ணிக்கையைச் சிறிய மாதிரியின் அளவுக்கு இறக்கி ஒப்பிடுங்கள், 30 விலங்கில் 12 வகையையும் 14 விலங்கில் 8 வகையையும் நேருக்கு நேர் வைக்க முடியாது. பிறகு எம்எச்சி வேறுபாட்டை மைக்ரோசாட்டிலைட் வேறுபாட்டின் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒரே அளவில் இருந்தால் பிரிவினையும் தற்செயலும் மட்டுமே வேலை செய்திருக்கின்றன. எம்எச்சி குறைவாக வேறுபட்டால், இயற்கைத் தேர்வு இரு பக்கமும் அதே வகைகளைத் தாங்கிப் பிடித்திருக்கலாம். அதிகமாக வேறுபட்டால் இரு பக்கமும் வெவ்வேறு கிருமிகள் அழுத்தியிருக்கலாம். மிகப் பல வகையுள்ள மரபணுவில் எஃப்எஸ்டி தானாகவே சிறுத்துத் தெரியும், எனவே ஜோஸ்ட் டி என்ற வேறுபாட்டு அளவையும் சேர்த்துக் கொடுங்கள்.

துணுக்கைத் தொடும் அமினோ அமில இடங்களில் புரதத்தை மாற்றும் மாற்றங்கள், மாற்றாத மாற்றங்களைவிட மிகுந்திருப்பதைக் காட்டி 'தேர்வு இன்றும் நடக்கிறது' என்று எழுதுபவர்கள் உண்டு. அந்தத் தடம் பல இலட்சம் ஆண்டுப் பழையது. 1986-க்குப் பின் நடந்ததைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

புதிய வகைகளுக்கு ஐபிடி-எம்எச்சி தரவுத்தளத்தில் முறைப்படி பெயர் வாங்குங்கள், நீள்வால் குரங்கு வகைகள் 'மாஃபா' என்ற முன்னொட்டோடு வரும். மிஞ்சிய டிஎன்ஏவைச் சிறு சிறு குழாய்களாகப் பிரித்து மைனஸ் 80-இல் வையுங்கள். ஒரே குழாயை எடுத்து எடுத்து உருக்கினால், முசுவைப் போன்ற இனத்தில் திரும்பக் கிடைக்காத ஒரு விலங்கின் கடைசி மாதிரி அதோடு போய்விடும்.