ஆஸ்டியோகிளாஸ்டில் கால்சியம் மினுங்குவதைப் படம் பிடிப்பது எப்படி

எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் உருவாகும்போது செல்லுக்குள் கால்சியம் விட்டுவிட்டு ஏறி இறங்கும். இதைப் பார்க்கக் கிளம்பிய நான் முதல் இரண்டு வாரம் எதையுமே பார்க்கவில்லை. செல்லை ஆஸ்டியோகிளாஸ்டாக மாறச் சொல்லும் ராங்க்எல் (RANKL) என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சேர்த்த கையோடு தட்டை நுண்ணோக்கியில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். பல செல்களில் சமிக்ஞை பட்ட சில நொடியிலேயே கால்சியம் எகிறிவிடும். இங்கே ஏறக்குறைய 24 மணி நேரம் கழித்துத்தான் ஆட்டம் ஆரம்பிக்கும். எனவே படமெடுக்கும் நாளை முன்கூட்டியே கணக்குப் போட்டுச் செல்லை வளர்க்கத் தொடங்குங்கள்.

எலியின் தொடை எலும்பு மஜ்ஜைச் செல்களை எம்-சிஎஸ்எஃப் (M-CSF) என்ற வளர்ச்சிப் புரதம் கொடுத்து மூன்று நாள் வளர்த்தால் மேக்ரோஃபேஜ் கிடைக்கும்; ஆஸ்டியோகிளாஸ்டாக மாறப்போவது இந்தச் செல்தான். அதன் பிறகு ராங்க்எல் சேர்க்கும்போது எம்-சிஎஸ்எஃபை நிறுத்திவிடாதீர்கள், செல் செத்துப்போகும். அடிப்பக்கம் மெல்லிய கண்ணாடியாக உள்ள தட்டில் வளர்ப்பது நல்லது.

அடுத்தது கால்சியத்தைப் பிடித்தால் ஒளிரும் சாயம். ஃப்ளூவோ-4 ஏஎம் சில மைக்ரோமோலார், அரை மணி நேரம், இருட்டில். கழுவிவிட்டு இன்னும் 20 நிமிடம் விடுங்கள். செல்லின் நொதிகள் சாயத்தின் எஸ்டர் பகுதியை வெட்டி எடுத்தால்தான் அது கால்சியத்தைப் பிடிக்கும். மேக்ரோஃபேஜ் வகைச் செல்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: உள்ளே போன சாயத்தை மெதுவாக வெளியே தள்ளிவிடும். புரோபெனெசிட் சேர்த்தால் பெருமளவு அடங்கும். கழுவும் கரைசலின் லேபிளையும் ஒருமுறை படியுங்கள். ஒரே பெயரில் கால்சியம் உள்ளது, இல்லாதது என்று இரண்டு பாட்டில் இருக்கும். நான் தப்பானதை எடுத்து ஒரு நாள் முழுக்க வீணாக்கியிருக்கிறேன்.

ஐந்து நொடிக்கு ஒரு படம், பத்து நிமிடம். இனிமேல்தான் கண்ணுக்கு வேலை. உண்மையான அலை சட்டென்று ஏறும், கொஞ்சம் சோம்பலாக இறங்கும், திரும்ப வரும்; பக்கத்துச் செல் தன் போக்கில் வேறு நேரத்தில் மினுங்கும். எல்லாச் செல்லும் ஒரே நொடியில் பளிச்சிட்டால் விளக்கோ ஃபோகஸோ ஆடியிருக்கிறது. ஒரே சரிவாக மங்கினால் சாயம் கசிகிறது அல்லது வெளுக்கிறது. செல் நகர்ந்தாலும் ஃப்ளூவோ-4 ஒளி மாறும் என்பதால், வசதி இருந்தால் ஃப்யூரா-2 சாயம் பயன்படுத்தி 340, 380 நானோமீட்டர் ஒளியில் கிடைக்கும் இரண்டு அளவின் விகிதம் எடுங்கள். கடைசியில், கால்சியத்தைச் செல்லுக்குள் கொட்டவைக்கும் அயனோமைசின் ஒரு சொட்டு. அதற்கும் ஒளி ஏறாவிட்டால் அன்றைய தரவைத் தூக்கிப் போடுங்கள்.

சரி, மினுங்கியது. ஜீனுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது என்று எப்படிக் காட்டுவது? கால்சியம் கால்சினியூரின் என்ற நொதியை எழுப்ப, அது ஜீன்களை இயக்கும் என்ஃபாட்-சி1 (NFATc1) புரதத்தின் பாஸ்பேட்டுகளைக் கழற்ற, புரதம் உட்கருவுக்குள் போகிறது. அங்கே சி-ஃபாஸ் என்ற, ஜீனை இயக்கும் இன்னொரு புரதத்தோடு சேர்ந்து தன் சொந்த ஜீனையே இன்னும் பலமாக இயக்குகிறது. கெதெப்சின் கே, டிராப் (TRAP) போன்ற ஆஸ்டியோகிளாஸ்ட் நொதிகளின் ஜீன்களும் விழிக்கின்றன.

இந்தத் தொடர்பைச் சோதிக்க, வளர்ப்புத் தட்டில் ராங்க்எல் மட்டும், ராங்க்எல்லோடு பாப்டா-ஏஎம், ராங்க்எல்லோடு சைக்ளோஸ்போரின் ஏ என்று மூன்று குழிகள் வையுங்கள். பாப்டா கால்சியத்தையே விழுங்கிவிடும், அலையே வராது. சைக்ளோஸ்போரின் அதற்குக் கீழே, கால்சினியூரினில் வெட்டுகிறது. எஃப்கே506 என்ற மருந்தும் அதே வேலையைச் செய்யும். ஆனால் அது ஒட்டும் புரதம் கால்சியக் கால்வாய்களோடும் உறவு வைத்திருப்பதால் அலையைப் படிக்கும் சோதனையில் நான் அதைத் தொடுவதில்லை.

என்ஃபாட்-சி1 சாயமிட்டபின் உட்கரு மங்கலாக இருந்தால் உடனே ‘உள்ளே போகவில்லை’ என்று எழுதிவிடாதீர்கள். தன்னைத் தானே பெருக்கும் புரதம் என்பதால், தடுப்பானால் மொத்த அளவே குறைந்திருக்கலாம். உட்கருவுக்கும் சைட்டோபிளாசத்துக்கும் உள்ள விகிதத்தை அளவிடுங்கள், மொத்த அளவுக்கு வெஸ்டர்ன் பிளாட் செய்யுங்கள். ஜீன்கள் எவ்வளவு இயங்குகின்றன என்று பார்க்க, ராங்க்எல் சேர்த்ததிலிருந்து 0, 24, 48, 72 மணி நேரத்தில் ஆர்என்ஏவை எடுங்கள். ஆஸ்டியோகிளாஸ்டை அடையாளம் காட்டும் டிராப் சாயத்தில் மூன்று உட்கருவுக்குக் குறைந்த செல்லை எண்ண வேண்டாம். எண்ணுகிறவருக்கு எந்தக் குழியில் என்ன மருந்து என்று சொல்லாமல் இருப்பது உத்தமம். நானே எண்ணும்போது ஆசை எந்தப் பக்கம் சாய்கிறது என்பது எனக்குத் தெரியும்.